நாற்பத்தைந்து மில்லி

சாருலதாவுக்கு வயது முப்பத்திரண்டு. அதில் கடைசி ஒன்பது வருடங்கள் ஐதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் கழிந்திருந்தன. ஈரோட்டில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு வந்தவள். அளப்பதுதான் அவள் பிழைப்பு. பத்து மில்லி என்றால் பத்து மில்லிதான். ‘ஏறக்குறைய’ என்று யாராவது சொல்லிவிட்டால் அவளுக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். சாம்பாருக்குப் புளி கரைக்கும்போதுகூட டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்ப்பாள் என்று அவள் கணவன் பிரசன்னா நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அப்படிப்பட்டவள் கையில் இரண்டே கிலோவில் ஒரு பெண் குழந்தையையும், பக்கவாட்டில் கோடு கோடாக எண் போட்ட ஒரு பால் பாட்டிலையும் கொடுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆயிற்று.

குழந்தை ஐந்து வாரம் முந்திக்கொண்டு பிறந்தது. ஒன்பதாம் மாதம் வளைகாப்பு நடத்தி, அப்படியே ஈரோட்டுக்குக் கூட்டிப் போய்விடுவதாகத்தான் ஏற்பாடு. ரயில் டிக்கெட்கூட எடுத்தாயிற்று. வளையல் அடுக்கிய அட்டைப்பெட்டி பீரோ மேல் பிரிக்காமல் கிடந்தது. மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று கேட்ட பதற்றத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டு. பிரசன்னாவின் அம்மாவோ அவன் கல்லூரியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீட்டில், பிள்ளை வளர்ப்பது பற்றி எதுவுமே தெரியாத இரண்டு பேர் பிள்ளை வளர்க்க ஆரம்பித்தார்கள்.

முதல் ஒன்பது நாள் குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. உறிஞ்சத் தெம்பில்லை என்று மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். சாருலதா தையல் வலியோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மார்பைப் பிழிந்து பிழிந்து பார்த்தாள். முதல் தடவை சிரிஞ்சில் மூன்று மில்லி வந்தது. மஞ்சளாக, பிசுபிசுவென்று. “சாலு அம்மா, சாலு” என்று தெலுங்கில் சொன்னாள் நர்ஸ். போதும் என்று அர்த்தம். போதும் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் சமாதானத்துக்குச் சொல்கிறார்கள் என்றே சாருலதா நினைத்தாள். மூன்று மில்லி எப்படிப் போதும்? லேபில் அந்த அளவை வைத்து ஒரு சோதனைகூடச் செய்ய முடியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது எடை ஒரு கிலோ தொள்ளாயிரத்து எண்பது. டிஸ்சார்ஜ் தாளில் குழந்தை டாக்டர் அனுபமா எழுதியிருந்தது இவ்வளவுதான்: எடுத்து வைத்த தாய்ப்பால், வேளைக்குச் சுமார் நாற்பது மில்லி, நாளைக்கு எட்டு வேளை, குழந்தையின் விருப்பம் பார்த்து. இதில் ‘சுமார்’ என்பதையும் ‘விருப்பம்’ என்பதையும் சாருலதா படித்ததாகவே தெரியவில்லை. நாற்பது என்ற எண் மட்டும் கண்ணில் ஒட்டிக்கொண்டது.

ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமை, எடை பார்த்தார்கள். நாற்பது கிராம்தான் ஏறியிருந்தது. டாக்டர் அனுபமா அதட்டவில்லை. அவரும் சாருலதா வயதுக்காரர்தான். அப்பா ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்ததால் ஐதராபாத்தின் தார்நாகா பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் பேசும் தமிழில் உருதும் தெலுங்கும் தாராளமாகப் புழங்கும்.

“இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்மா. அடுத்த வியாழக்கிழமைக்கு நூத்தம்பது கிராமாவது ஏறணும். ஏறலேன்னா ரெண்டு மூணு நாள் உள்ள வெச்சுப் பார்த்துருவோம். அவ்ளோதான். டென்ஷன் நக்கோ.”

டென்ஷன் வேண்டாமாம். ‘உள்ளே வைத்து’ என்ற சொல் காதில் விழுந்த நிமிடமே சாருலதாவுக்கு ஆஸ்பத்திரி அறை கண்ணில் வந்து நின்றது. அந்தக் கண்ணாடிப் பெட்டி, அந்த மஞ்சள் விளக்கு, மூக்கில் அந்தக் குழாய். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு ஓட்டை வழியாக விட்டு, பெற்ற பிள்ளையை ஒரு விரலால் மட்டும் தொட்டுவிட்டு வரவேண்டிய அந்த ஒன்பது நாட்கள். மறுபடியும் அங்கே கொண்டுபோய் விட அவளால் முடியாது. என்ன ஆனாலும் சரி, நூற்றைம்பது கிராம் ஏற்றியே தீருவது என்று ஆட்டோவிலேயே முடிவு செய்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டை எடுத்துப் பிரிட்ஜ் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். நேரம், கொடுத்த அளவு, குடித்த அளவு, இழப்பு, ஈரத்துணி, கையெழுத்து. நாற்பதை அவளாகவே நாற்பத்தைந்து ஆக்கினாள். கொஞ்சம் கூடக் கொடுத்தால் கொஞ்சம் கூட ஏறும் என்பது அவள் கணக்கு.

மருந்துக் கம்பெனியில் வேலை செய்தவர்களுக்கு இந்த நோட்டின் மகிமை தெரியும். அங்கே எழுதாத வேலை செய்யாத வேலை. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் வரதராஜன் என்ற மேனேஜர், விட்டுப்போன ஒரு வெப்பநிலை அளவை ‘சும்மா நேத்து மாதிரியே போட்டுடும்மா’ என்று அவளிடம் கேட்டார். மாட்டேன் என்றாள். அதற்குப் பலனாக இரண்டு வருடம் பதவி உயர்வு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு வருடத்தையும் அவள் நஷ்டமாக நினைத்ததே இல்லை. நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளாவிட்டாலும் உள்ளுக்குள் அது ஒரு பெருமை.

“நீங்களும் கையெழுத்துப் போடோணும்” என்றாள் பிரசன்னாவிடம்.

“நம்ம வீட்டு நோட்டுல நான் எதுக்கு சாரு கையெழுத்துப் போடணும்?”

“யார் குடுத்தாங்கன்னு தெரிய வேண்டாங்களா?”

இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர் என்று அவன் சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது கேட்பதற்குத் தாராளமாக இருக்கும். பிரிட்ஜிலிருந்து பாலை எடுத்து வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துக் குளிர் போக்கப் பத்து நிமிடம். தூங்கி விழும் குழந்தையை உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பிக் குடிக்க வைக்க நாற்பது நிமிடம். தோளில் போட்டு ஏப்பம் வர வைக்க இருபது. துணி மாற்றப் பத்து. பிறகு பம்பை மாட்டிக்கொண்டு அடுத்த வேளைக்குப் பால் எடுக்க அரை மணி. பாட்டில், நிப்பிள், பம்பின் உதிரிகள் எல்லாவற்றையும் கழுவிக் கொதிக்க வைக்க இருபத்தைந்து. ஆக இரண்டே கால் மணி நேரம் போயிற்று. மிச்சமுள்ள முக்கால் மணியில் குளிப்பதா, சாப்பிடுவதா, தூங்குவதா என்று யோசிப்பதற்குள் அலாரம் அடித்துவிடும்.

எட்டு வேளையில் மூன்றைப் பிரசன்னா ஏற்றுக்கொண்டான். இரவு பதினொன்று, விடியற்காலை ஐந்து, காலை எட்டு. அவனுக்கு மென்பொருள் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அந்த மூன்று வேளையில் சாருலதா கட்டையாகக் கிடந்து தூங்குவாள். எழுந்ததும் முதல் வேலையாக நோட்டைப் பார்ப்பாள். நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து. கீழே பிரசன்னாவின் கிறுக்கல் கையெழுத்து. ‘இழப்பு’ கட்டத்தில் ஒன்றும் இருக்காது.

அவள் கொடுக்கும் வேளைகளில்தான் அந்தக் கட்டம் நிரம்பியது. முப்பது மில்லி வரை குழந்தை சமர்த்தாகக் குடிக்கும். பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொள்ளும். முகத்தைத் திருப்பும். விரல்களை விரித்து அந்தப் பக்கமாகத் தள்ளும். சாருலதா விடமாட்டாள். நிப்பிளை உதட்டோரம் தடவுவாள், கன்னத்தைத் தட்டுவாள், பாட்டிலை லேசாகத் திருகுவாள். “இன்னும் பதினஞ்சுதான் சாமி, பதினஞ்சே பதினஞ்சு” என்று கெஞ்சுவாள். எப்படியோ உள்ளே போய்விடும். பத்து நிமிடத்தில் பாதி வெளியே வந்துவிடும்.

வேறு யாராக இருந்தாலும் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சாருலதா என்ன செய்தாள் தெரியுமா? தோளில் போடும் துணியை, சமையலறையில் மைதாவும் சர்க்கரையும் நிறுக்கும் சின்ன எடைக் கருவியில் முன்கூட்டியே நிறுத்து வைத்தாள். குழந்தை கக்கிய பிறகு மறுபடி நிறுத்தாள். வித்தியாசம் பதினோரு கிராம். பதினோரு மில்லி பாலை ‘இழப்பு’ கட்டத்தில் எழுதினாள். இன்னொரு பாட்டிலிலிருந்து சரியாகப் பதினோரு மில்லி எடுத்துச் சூடு செய்து, குழந்தைக்குத் திரும்பக் கொடுத்தாள். அதையும் கக்கினால் அதையும் நிறுத்தாள். வேதியியலில் இதற்குப் பெயர் உண்டு, முறை உண்டு. அவள் முறை தவறவே இல்லை.

ஊரிலிருந்து அம்மா தினமும் கூப்பிட்டாள். கட்டுப்போட்ட கையில் போனைப் பிடிக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டுக் கத்துவாள்.

“பால் பத்துதா கண்ணு? பூண்டு நெறையப் போட்டுக் கொழம்பு வெச்சுச் சாப்புடு. சுறாக் கெடைக்குமா அங்க?”

“கெடைக்கும்மா.”

“உனக்கு எனக்கு எப்பிடி ஊறுச்சு தெரியுமா...”

உனக்கு எனக்கு என்று எதற்கோ எதையோ சேர்த்து அம்மா பேசுவது சாருலதாவுக்குப் பழக்கம்தான். ஆனால் அந்த முதல் கேள்வி ஒவ்வொரு நாளும் முள்ளாகக் குத்தியது. எதிர் வீட்டில் கேட்டார்கள், ஆபீஸ் தோழி கேட்டாள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கூடத் தெலுங்கில் கேட்டாள். எல்லாருக்கும் பத்துகிறது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. பத்தவில்லை என்றுதான் அவள் மனதார நம்பினாள். ஒரு தடவை பம்ப் போட்டால் நாற்பது, நாற்பத்தைந்து. கக்கியதை ஈடுகட்டப் பத்து. எடுப்பதும் கொடுப்பதும் சரிக்குச் சரியாகப் போனது. ஒரு வேளை பம்ப் தவறினால் பிள்ளை பட்டினி. பம்பின் சத்தம் நின்ற பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தே நாலு நாள் ஆகியிருந்தது. பார்க்கிற ஆசையும் இல்லை.

புதன்கிழமை மதியம், எடை பார்ப்பதற்கு முந்தைய நாள், சாருலதாவுக்குத் திடீரென்று தோசை தின்ன வேண்டும் போலிருந்தது. கடையில் வாங்கிய மாவு பிரிட்ஜின் அடித்தட்டில் இருந்தது. குனிந்து பாத்திரத்தை இழுத்தாள். அதற்குப் பின்னால் சுவரோரமாக ஒரு கண்ணாடி ஜாடி. பால்.

அவள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் தேதி, நேரம், அளவு எழுதிய லேபிள் இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. ஜாடியை எடுத்துக்கொண்டு, பிரசன்னா வேலை பார்த்துக்கொண்டிருந்த மேஜைக்கு நேராகப் போனாள்.

“இது என்னங்க?”

அவன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினான். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

“பால்.”

“பால்னு தெரியுது. யாரோட பாலு? எப்ப எடுத்தது?”

“உன்னோடதுதான் சாரு. மிச்சம்.”

“எப்பிடிங்க மிச்சமாகும்? நாப்பத்தஞ்சும் குடிச்சிருச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

“குடிக்கல. சில நேரம் முப்பது குடிக்கும், சில நேரம் முப்பத்தஞ்சு, நாப்பது. போதும்னு வாய மூடிக்கும். நான் விட்டுருவேன். ஒரு நாள் விடியக்காலைல அம்பது குடிச்சுது, அதுவும் கேட்டு அழுது குடிச்சுது. நான் மொதல்லயே முப்பதுதான் பாட்டில்ல ஊத்துவேன். கேட்டாத்தான் மேல ஊத்துறது.”

“அப்பறம் எதுக்கு நாப்பத்தஞ்சுன்னு எழுதுனீங்க?”

“முப்பதுன்னு எழுதினா நீ தூங்குவியா?”

பக்கத்து அறையில் குழந்தை தூக்கத்தில் முனகியது.

“எத்தன நாளா?”

“போன வெள்ளிக்கிழமையிலிருந்து.” பிரசன்னா தலையைக் குனிந்துகொண்டான். “பழசெல்லாம் இல்ல. மொதல்ல வந்தது மொதல்ல போகணும்னு நீதான சொல்லிக்குடுத்த. ஜாடில இருக்கிறத மொதல்ல எடுத்துக் குடுத்துட்டு, புதுசுல மிச்சமானத அதுல ஊத்துவேன். கொட்டிரலாம்னுதான் முதல் நாள் நெனச்சேன். ஒவ்வொரு சொட்டுக்கும் நீ படுற பாட்டப் பார்த்துட்டு எப்படிக் கொட்டுறது? மனசு வரல.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?”

“பயமா இருந்துச்சு.”

“என்ன பயம்?”

“உன்னப் பார்த்தா.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அப்படித் தைத்தது. ஆனால் அந்த நேரத்தில் சாருலதாவுக்குத் தைத்ததை யோசிக்க அவகாசமில்லை. சமையலறைக்குப் போய் அளவு ஜாடியில் பாலை ஊற்றிக் கண் மட்டத்துக்கு வைத்துப் பார்த்தாள். நூற்று முப்பத்தொன்று. நோட்டை எடுத்து அவன் எழுதிய வரிகளை எண்ணினாள். அவ்வளவும் பொய். ஒரு அந்நிய மேனேஜர் சொல்லிச் செய்ய மறுத்ததைக் கட்டிய புருஷன் அவள் தூங்கும் நேரம் பார்த்துத் தினமும் மூன்று வேளை செய்திருக்கிறான். அதைவிட, நூற்று முப்பது மில்லி பிள்ளையின் வயிற்றுக்குப் போகவில்லை. நாளைக்கு எடை நூற்றைம்பது ஏறாது. கண்ணாடிப் பெட்டி கதவைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது.

“நாளைக்கு உள்ள வெச்சுட்டாங்கன்னா அது உங்களாலதான்” என்றாள்.

அன்று அவள் அவனைப் பிள்ளையைத் தொடவே விடவில்லை. அடுத்து வந்த வேளைகள் எல்லாவற்றையும் அவளே கொடுத்தாள். வேளைக்கு ஐம்பது. மூன்று தடவை குழந்தை கக்கியது. மூன்று தடவையும் நிறுத்து ஈடுகட்டினாள். விடிந்தபோது அவளுக்குப் பாட்டிலைச் சரியாக மூட வரவில்லை. தோசை மாவு வெளியே கிடந்து புளித்துப் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை மழை. மெட்ரோப் பாலத்துக்கு அடியில் ஆட்டோ நின்று நின்று போயிற்று. நோட்டு சாருலதாவின் மடியில் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது.

கிளினிக்கில் குழந்தையின் துணியெல்லாம் கழற்றி எடைத் தட்டில் போட்டார்கள். குளிர்ந்த தட்டு பட்டதும் அது கையையும் காலையும் உதறி வீறிட்டது. சிவப்பு எண்கள் தாறுமாறாக ஓடின. சாருலதா மூச்சை நிறுத்திக்கொண்டாள். எண்கள் நின்றன. இரண்டு கிலோ இருநூறு.

“நூத்தி எண்பது ஏறியிருக்கு” என்றார் டாக்டர் அனுபமா. “அட்மிஷன் கிட்மிஷன் எதுவும் நக்கோ. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.”

பிரசன்னா சுவரில் சாய்ந்துகொண்டான். சாருலதா குழந்தையை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சந்தோஷப்படக்கூடத் தெம்பு வேண்டுமே. உள்ளே வைக்கமாட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது. நிதானமாக இரண்டாவது எண்ணம் வந்தது: இவன் சொன்னதுபோல் குறைவாகக் கொடுத்தும் எப்படி ஏறியது?

டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

“அம்மாடியோ, ஸ்கேல் போட்டு வரைஞ்சிருக்கீங்களே! நாப்பத்தஞ்சு, எட்டு வேளை, முந்நூத்தறுபது. சூப்பர். நல்லா ஏறியிருக்கு இல்ல, இனிமே அம்பத்தஞ்சு ஆக்கிடலாமா?” என்று பேனாவைத் திறந்தார்.

பிரசன்னா சாருலதாவைப் பார்த்தான். எடை ஏறிவிட்டதே, விட்டுவிடேன் என்று கெஞ்சியது அந்தப் பார்வை. விட்டிருக்கலாம்தான். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தப் பொய்யின் மேல் டாக்டர் ஒரு புது எண்ணை எழுதப் போகிறார். நாளையிலிருந்து அந்த ஐம்பத்தைந்தை இந்தப் பிள்ளையின் வாய்க்குள் திணிக்கப் போவது தன் கை என்று சாருலதாவுக்குத் தெரிந்தது.

“எழுதாதீங்க மேடம்” என்றாள். “அதுல இருக்கறது பொய்ங்க.”

பேனா நின்றது. பிரசன்னா எல்லாவற்றையும் சொன்னான். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது, அந்த விடியற்காலை ஐம்பது, மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்த ஜாடி, அதில் மிச்சமிருந்த நூற்று முப்பத்தொன்று. சொல்லச் சொல்ல அவன் காது மடல் சிவந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. நோட்டில் ஒரு விரலை வைத்துக் கீழே ஓட்டிக்கொண்டே போனார்.

“இவர் குடுத்தப்போ வாந்தியே இல்லையா?”

“இல்லைங்க” என்றான்.

“சாருலதா, இந்த ‘இழப்பு’ங்கிறது என்ன? பதினொண்ணு, ஒம்பது, பதிமூணு?”

சாருலதா சொன்னாள். துணியை முன்னும் பின்னும் நிறுத்தது, வித்தியாசம் பார்த்தது, அதே அளவைத் திருப்பிக் கொடுத்தது. சொல்ல ஆரம்பித்தபோது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இரண்டாவது வாக்கியத்தில் அது வற்றிப்போயிற்று.

டாக்டர் அனுபமா மெதுவாகக் கேட்டார். “அவ வேணாம்னு வெளிய தள்ளினத அளந்து மறுபடி உள்ள தள்ளினீங்களா?”

இன்னொருத்தர் வாயால் கேட்கும்போதுதான் அது என்ன காரியம் என்று சாருலதாவுக்குத் தெரிந்தது. இறுக்கி மூடிய அந்தச் சின்ன உதடு, திருப்பிக்கொண்ட முகம், விரித்த விரல்கள். எல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன. பேசத் தெரியாத பிள்ளை தன்னால் முடிந்த எல்லா விதத்திலும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஆறு நாள். நேற்று மதியத்திலிருந்து அத்தனை வேளையும். பெற்றவள் காது கொடுக்கவில்லை.

“எம் பாலு பத்தலீன்னு நெனச்சேனுங்க” என்றாள். “எல்லாரும் பத்துதான்னு கேட்டாங்க. எனக்கு அளந்து பார்த்தாத்தான் நம்பிக்கை.”

“பத்தலேன்னா உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல நூத்தி முப்பது மில்லி எப்படி மிச்சமாச்சு?”

சாருலதா நிமிர்ந்து பார்த்தாள். நேற்று மதியத்திலிருந்து அந்த நூற்று முப்பத்தொன்றை அவள் களவு போன பொருளாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் போகாத பால், பொய்க்கு அத்தாட்சி. பிள்ளை வயிறாரக் குடித்து, எடையும் ஏறி, அதற்கு மேலும் அவள் உடம்பு கொடுத்த பால் அது என்று அவளுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அவள் கட்டுப்படுத்தாமல் அழுதாள். பிரசன்னா கைக்குட்டை தேடி, கிடைக்காமல், தோளில் கிடந்த குழந்தையின் துணியை நீட்டினான்.

டாக்டர் அவள் ஓயும்வரை காத்திருந்தார். வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள், இருந்தாலும் காத்திருந்தார்.

“பாட்டில் தப்பில்லம்மா. ஆனா முதல்ல அஞ்சு நிமிஷம் மார்ல போட்டுப் பாருங்கன்னு போன வாரமே சொன்னேன். இதுல எங்கேயும் காணோமே?”

“போடலீங்க.”

“கைக்கு?” ஏன் என்பதை டாக்டர் உருதுவில் கேட்டார். “குடிக்கலையா?”

“அதுல எவ்வளவு போவுதுன்னு தெரியாதுங்களே.”

இந்த முறை டாக்டர் சிரித்துவிட்டார். அழுத மூக்கோடு சாருலதாவும் சிரித்தாள். தான் சொன்னது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று புரிந்தாலும், பயம் என்னவோ அப்படியேதான் இருந்தது.

“இப்போ ரெண்டு கிலோ இருநூறு ஆயிட்டா. தெம்பு வந்திருக்கும். உள்ள போங்க. பசியா இருக்கா பாருங்க, கையைச் சப்புறா.”

டாக்டர் அறையை ஒட்டித் திரை போட்ட ஒரு சின்ன இடம் இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு தலையணை. சாருலதா குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். முதலில் அது தடுமாறியது. காம்பைத் தவறவிட்டுத் தவறவிட்டு எரிச்சலில் சிணுங்கியது. அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. பாட்டிலை எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை பைப்பக்கம் கை போயிற்று. மூன்றாவது முறை கை போவதற்குள் அது பிடித்துக்கொண்டது. இவ்வளவு சின்ன வாய்க்கு இவ்வளவு பலமா என்றிருந்தது. விழுங்கும் சத்தம் கேட்டது. நிறுத்தி மூச்சு வாங்கியது. மறுபடி உறிஞ்சியது. வெளியே நர்ஸ் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், ஒரு குழந்தை ஊசிக்கு அலறியது, மழை விடவில்லை. எவ்வளவு நேரம் என்று அவள் பார்க்கவில்லை. கடிகாரம் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பிறகு குழந்தை தானாகவே விட்டுவிட்டது. உதடு மூடிக்கொண்டது. சாருலதாவின் கை பழக்கத்தில் அதன் கன்னத்தைத் தட்டுவதற்குப் போயிற்று. பாதி வழியில் நிறுத்தினாள். கன்னத்தைத் தட்டாமல், வாயோரம் வழிந்திருந்த பாலை விரலால் துடைத்தாள். குழந்தை அவள் மேலேயே தூங்கிப்போனது. கக்கவில்லை.

திரைக்கு வெளியே செருப்புகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தன. கடைசியில் பிரசன்னாவால் பொறுக்க முடியவில்லை.

“சாரு,” என்றான் தாழ்ந்த குரலில், “எவ்வளவு குடிச்சுது?”

“எனக்கெப்பிடிங்க தெரியும்?” என்றாள் சாருலதா. “தூங்கிருச்சு. சத்தம் போடாதீங்க.”